"மூன்று குழாயில் அடைப்பு" என்றால் எந்த மூன்று? தமனிகள் உடலுக்கு ரத்தம் பங்கிடும் விதம்

பிரபலமான ஒருவர் நெஞ்சுவலியோடு மருத்துவமனையில் சேர்ந்தால், மறுநாள் செய்தியில் "மூன்று ரத்தக்குழாய்களில் அடைப்பு", "முக்கியக் குழாயில் 90 சதவீத அடைப்பு" என்று வருகிறது. படிப்பவருக்குச் சந்தேகங்கள் வரிசையாக எழுகின்றன. 90 சதவீத அடைப்போடு அவர் நேற்று வரை எப்படி நடமாடினார்? 40 சதவீதம்தான், மருந்து போதும் என்று அனுப்பப்பட்ட இன்னொருவருக்கு மாரடைப்பு வந்தது எப்படி? இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்குக் கால் விரல் ஏன் கறுக்கிறது?

இவற்றுக்கு விடை வேண்டுமானால் தமனிகளின் வரைபடம் ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். அடைபட்ட கிளை எந்தப் பகுதிக்கு ரத்தம் கொடுக்கிறது, அந்தப் பகுதிக்கு வேறு வழியாகவும் ரத்தம் வருமா, ரத்தம் இல்லாமல் அது எவ்வளவு நேரம் தாங்கும் ஆகிய மூன்றும்தான் ஓர் அடைப்பின் விளைவைத் தீர்மானிக்கின்றன. சதவீதக் கணக்கெல்லாம் அப்புறம்தான்.

முதலில் அடிப்படைகள்

1. இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய் தமனி. திரும்பக் கொண்டுவருவது சிரை. இலங்கைப் பாடநூல்களில் இவை நாடி, நாளம். தமனியில் சுத்த ரத்தம், சிரையில் அசுத்த ரத்தம் என்று பள்ளியில் படித்தது பெரும்பாலும் சரி. ஆனால் நுரையீரல் தமனி பிராணவாயு குறைந்த ரத்தத்தைத்தான் சுமக்கிறது. ரத்தம் போகும் திசையை வைத்தே ஒரு குழாய் தமனியா சிரையா என்று பிரிக்கிறார்கள்.

2. தமனியின் சுவர் மூன்று அடுக்கு. இதயத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரிய தமனிகளில் மீள்நார்கள் அதிகம். இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும்போது அவை விரிந்து கொடுக்கும், இதயம் தளரும்போது சுருங்கி ரத்தத்தை முன்னே தள்ளும். இதயம் விட்டு விட்டுத் துடித்தாலும் ரத்தம் இடைவிடாமல் ஓடுவது இதனால்தான். இதயத்தை விட்டு விலக விலக மீள்நார் குறைந்து தசை கூடும்.

3. தமனி கிளைவிட்டுக் கிளைவிட்டு நுண்தமனியாகி, கடைசியில் தந்துகியாகிறது. தந்துகியின் சுவர் ஒற்றைச் செல் தடிமன்தான். பிராணவாயுவும் சத்தும் செல்களுக்குக் கைமாறுவது இங்கேதான். ரத்தம் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி 1628-ல் நிறுவியபோது, தமனியையும் சிரையையும் எது இணைக்கிறது என்பதை அவரால் பார்க்க முடியவில்லை. 1661-ல் மால்பிகி நுண்ணோக்கி வழியாகத் தவளையின் நுரையீரலில் தந்துகிகளைக் கண்டார்.

யாருக்கு எவ்வளவு?

ஓய்வில் இருக்கும் ஒரு பெரியவரின் இதயம் துடிப்புக்குச் சுமார் 70 மி.லி. வீதம், நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தை வெளியேற்றுகிறது. உடலில் உள்ள மொத்த ரத்தமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். இது உறுப்புகளின் எடையைப் பார்த்துப் பிரிக்கப்படுவதில்லை. கல்லீரல், குடல் முதலான வயிற்று உறுப்புகளுக்குக் கால் பங்குக்குச் சற்று மேல் போகிறது. இரண்டும் சேர்ந்து 300 கிராம் சொச்சமே இருக்கும் சிறுநீரகங்கள் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளைக்கு 15 சதவீதம். இதயத் தசைக்கு 4 முதல் 5 சதவீதம். உடலில் இத்தனை தசை இருந்தும், நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவற்றுக்கு 15 முதல் 20 சதவீதம்தான். சிறுநீரகத்துக்கு இவ்வளவு போவது அதன் பசிக்காக அல்ல. ரத்தத்தை வடிகட்டும் வேலைக்காக.

இந்தப் பங்கீட்டைக் கட்டுப்படுத்துபவை நுண்தமனிகள். அவற்றின் சுவரில் உள்ள தசை இறுகினால் குழாய் சுருங்கும், தளர்ந்தால் விரியும். குழாயின் ஆரம் பாதியானால், அழுத்தம் மாறாத நிலையில், ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதனால் சின்னச் சுருக்கம்கூடப் பெரிய மாற்றம் செய்யும். பாசன வாய்க்காலில் எல்லா மதகையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் நீர்மட்டம் இறங்கிவிடும், முறைவைத்துத்தான் விட முடியும். நுண்தமனிகள் செய்வதும் அந்த வேலைதான். வேகமாக ஓடும்போது பயிற்சி பெற்ற ஓர் இளைஞரின் இதயம் நிமிடத்துக்கு 20 லிட்டருக்கு மேல் வெளியேற்றும். அதில் 80 சதவீதம் வரை தசைகளுக்குப் போய்விடும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் அந்த நேரத்தில் குறைக்கப்படும். மூளையின் பங்கில் மட்டும் பெரிதாகக் கை வைப்பதில்லை.

கிருமித்தொற்று ரத்தத்தில் பரவும்போது உடலெங்கும் நுண்தமனிகள் ஒருசேரத் தளர்ந்துபோவது உண்டு. அப்போது ரத்த அழுத்தம் சரிந்து, எந்த உறுப்புக்கும் போதிய ரத்தம் கிடைக்காது. தீவிர சிகிச்சைப் பிரிவில் 'ஷாக்' என்று சொல்லும் நிலைகளில் இது ஒன்று.

இதயம்: தனக்கே முதல் பங்கு

இதயத்தின் இடது கீழறையிலிருந்து கிளம்புவது பெருந்தமனி. உடலின் எல்லா உறுப்புகளுக்கும் இதிலிருந்துதான் கிளைகள். வால்வைத் தாண்டியதும் பிரியும் முதல் இரண்டு கிளைகள் இதயத்துக்கே போகின்றன. இடப்பக்கக் கிளை சிறிது தூரம் ஒற்றைக் குழாயாகப் போய் இரண்டாகப் பிரிகிறது. ஆக மொத்தம் மூன்று. செய்தியில் வரும் "மூன்று குழாய்" இவைதான்.

1. எல்.ஏ.டி. (இடது முன் இறங்கு தமனி). இதயத்தின் முன்பக்கமாக இறங்கி, முன்சுவருக்கும் இரு கீழறைகளுக்கு நடுவே உள்ள தடுப்புச் சுவருக்கும் ரத்தம் கொடுக்கிறது. உடலெங்கும் ரத்தம் தள்ளும் இடது கீழறையில் ஏறத்தாழப் பாதி இதை நம்பி இருக்கிறது.

2. சர்க்கம்ஃப்ளெக்ஸ். இடப்பக்கமாக வளைந்து போய்ப் பக்கச் சுவரையும் பின்பகுதியையும் கவனிக்கிறது.

3. வலது இதயத்தமனி. வலது கீழறைக்கும் இதயத்தின் அடிச்சுவருக்கும் இது போகிறது. துடிப்புக்கான மின்தூண்டலை உண்டாக்கிக் கடத்தும் முடிச்சுகளுக்கும் பெரும்பாலானவர்களுக்கு இதிலிருந்துதான் ரத்தம். அதனால்தான் இது அடைத்தால் நாடித்துடிப்பு ஆபத்தான அளவுக்கு மெதுவாகிவிடுவது உண்டு.

இதயத் தசைக்கு இரண்டு சங்கடங்கள். சுருங்கும்போது தன் சுவருக்குள் ஓடும் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்வதால், இடது கீழறைக்குப் பெரும்பாலான ரத்தம் அது தளரும் நேரத்தில்தான் கிடைக்கிறது. துடிப்பு வேகமானால் அந்தத் தளரும் நேரம் குறையும். அடுத்தது, மற்ற உறுப்புகள் ரத்தத்தில் உள்ள பிராணவாயுவில் சராசரியாகக் கால் பங்கை எடுக்கும்போது, இதயத் தசை ஓய்விலேயே 70 சதவீதத்தை எடுத்துவிடுகிறது. மேலும் தேவையென்றால் ரத்த ஓட்டம் கூடுவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது.

சரி, 90 சதவீத அடைப்போடு ஒருவர் எப்படி நடமாடினார்? பெரிய குழாய் குறுகும்போது, அதற்குக் கீழே உள்ள நுண்தமனிகள் விரிந்து ஈடுகட்டுகின்றன. விட்டத்தில் 70 சதவீதம் அடைத்திருந்தாலும் உட்கார்ந்திருக்கும்போது ரத்தம் போதுமானதாக இருக்கும். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுகும், நின்றால் சரியாகும். நுண்தமனிகள் விரியும் சக்தியை ஏற்கெனவே செலவழித்துவிட்டதால் அதற்கு மேல் கொடுக்க அவற்றிடம் ஒன்றும் இருக்காது. ஓய்வில் எடுத்த இ.சி.ஜி. சரியாக இருந்தும் டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். அடைப்பு 90 சதவீதத்தை நெருங்கும்போது ஓய்விலும் தட்டுப்பாடு தொடங்கும்.

40 சதவீதக்காரரின் கதை வேறு. மாரடைப்புகளில் பல, குழாய் மெல்ல மெல்ல மூடிக்கொள்வதால் வருவதில்லை. சுவருக்குள் படிந்த கொழுப்புத் திட்டின் மேல்மூடி மெல்லியதாக இருந்தால் அது திடீரென்று வெடிக்கும். வெடித்த இடத்தில் ரத்தம் உறையும். சில நிமிடங்களில் 40 சதவீதம் 100 ஆகிவிடும். மெல்ல வளர்ந்த அடைப்பு கொடுக்கும் ஓர் அவகாசம் இதில் கிடையாது: பக்கத்துக் கிளைகளை இணைக்கும் நுண்ணிய குழாய்கள் பெருத்து மாற்றுப் பாதையாவதற்கு மாதங்கள், ஆண்டுகள் ஆகும். ஒரு குழாய் முழுக்க அடைத்தும் மாரடைப்பு வராத முதியவர்கள் உண்டு. மாற்றுப் பாதை வளராத முப்பது வயதுக்காரருக்கு அதே இடத்தில் திடீரென்று அடைத்தால் உயிரே போகலாம்.

அதனால் சதவீதத்தை மட்டும் பார்த்து அலறுவதும் சரியில்லை, நிம்மதியாக இருந்துவிடுவதும் சரியில்லை. பிரதான இடது குழாயில் 50 சதவீதம் என்பது ஒரு சின்னப் பக்கக் கிளையில் 90 சதவீதம் என்பதைவிடக் கவலைக்குரியது, ஏனென்றால் எல்.ஏ.டி.யும் சர்க்கம்ஃப்ளெக்ஸும் இரண்டுமே அதிலிருந்துதான் கிளம்புகின்றன. நிலையான நெஞ்சுவலி உள்ளவர்களிடம் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளையும் இங்கே சொல்ல வேண்டும். 2007-ல் வெளியான 'கரேஜ்', 2020-ல் வெளியான 'இஸ்கீமியா' இரண்டிலும், நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்ட் முதலான சிகிச்சையையும் சேர்த்தபோது நெஞ்சுவலி குறைந்தது, இறப்பு குறையவில்லை. பிரதான இடது குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கும், மாரடைப்பு வந்துகொண்டிருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. மாரடைப்பின்போது உடனே குழாயைத் திறப்பது உயிரைக் காக்கும்.

மூளை: நான்கு வழி, ஒரு வளையம்

பெருந்தமனி மேலே போய் வளைந்து திரும்பும் இடத்தில் தலைக்கும் கைகளுக்கும் கிளைகள் பிரிகின்றன. கழுத்தின் முன்பக்கம் இரண்டு கரோட்டிட் தமனிகள். பின்னால், கழுத்து எலும்புகளில் உள்ள துளைகள் வழியாக ஏறும் முதுகெலும்புத் தமனிகள் இரண்டு. நான்கும் மூளையின் அடியில் ஒரு வளையமாகக் கைகோக்கின்றன. தாமஸ் வில்லிஸ் 1664-ல் விவரித்ததால் அதற்கு வில்லிஸ் வளையம் என்று பெயர். ஒரு பக்கக் கரோட்டிட் மெல்ல அடைத்தாலும் மறுபக்கத்திலிருந்து ரத்தம் வந்துவிடும் என்பது இதன் பலன். ஆனால் பாடப்புத்தகப் படத்தில் இருப்பதுபோல் முழு வளையம் அமைந்தவர்கள் பாதிப் பேருக்கும் குறைவு.

வளையத்துக்கு அப்பால் ஒவ்வொரு கிளைக்கும் தனி எல்லை உண்டு. பக்கவாத நோயாளியைப் பார்த்ததும் எந்தக் கிளை அடைத்திருக்கும் என்று மருத்துவர் ஊகிப்பது இதை வைத்துத்தான்.

1. நடு மூளைத்தமனி: முகத்தையும் கையையும் இயக்கும் பகுதிகள். வாய் ஒரு பக்கம் கோணும், கை தொங்கும். இடப்பக்கம் அடைத்தால் பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் போகும்.

2. முன் மூளைத்தமனி: காலை இயக்கும் பகுதி. கையைவிடக் கால் அதிகம் பாதிக்கப்படும்.

3. பின் மூளைத்தமனி: பார்வைக்கான பகுதி. இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்துக் காட்சி மறையும்.

4. முதுகெலும்புத் தமனியும் அதன் தொடர்ச்சியும்: தலைசுற்றல், தள்ளாட்டம், இரட்டைப் பார்வை. வெறும் பித்தம் என்று வீட்டில் கடந்துபோய்விடும் பக்கவாதம் இதுதான்.

இங்கே ஒரு முன்னறிவிப்பை எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கரோட்டிட் தமனியிலிருந்து பிரிந்து மூளைக்குப் போகும் கிளையான உட்கரோட்டிட், வழியில் கண்ணுக்கும் ஒரு கிளை கொடுக்கிறது. கழுத்தில் உள்ள கொழுப்புத் திட்டிலிருந்து ஒரு துணுக்கு உதிர்ந்து அந்தக் கிளைக்குள் போனால், ஒரு கண்ணில் மட்டும் மேலிருந்து திரை இறங்குவதுபோல் பார்வை மங்கி, சில நிமிடங்களில் தெளியும். வலி இருக்காது. கண் சரியாகிவிட்டதே என்று விடக்கூடாது. அடுத்த துணுக்கு மூளைக்குப் போகலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கை: வசதியான இரட்டை வழி

தோளிலிருந்து ஒற்றைத் தமனியாக இறங்கி, முழங்கைக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. கட்டைவிரல் பக்கம் போவது ஆரத்தமனி, நாடி பிடித்துப் பார்ப்பது இதில்தான். சுண்டுவிரல் பக்கம் போவது முழங்கைத்தமனி. இரண்டும் உள்ளங்கையில் வளைவுகளாக இணைகின்றன. இந்த இணைப்பு இருப்பதால்தான் மணிக்கட்டு வழியாகத் துணிந்து ஆஞ்சியோகிராம் செய்கிறார்கள். ஆரத்தமனி அடைத்துப்போனாலும் விரல்கள் பிழைத்துக்கொள்ளும்.

இதைக் கண்ணாலேயே பார்க்க ஆலன் சோதனை என்று ஒன்று உண்டு. கையை இறுக மூடச் சொல்லி, மணிக்கட்டில் இரண்டு தமனிகளையும் அழுத்திப் பிடிப்பார்கள். கையைத் திறந்தால் உள்ளங்கை வெளுத்திருக்கும். சுண்டுவிரல் பக்கத்து அழுத்தத்தை மட்டும் விட்டதும், சில நொடிகளில் அந்த ஓரத்திலிருந்து சிவப்பு பரவிக் கட்டைவிரல் வரை வரும். அப்படி வந்தால் ஒரு தமனியே முழுக் கைக்கும் போதும் என்று அர்த்தம். பத்து நொடிக்கு மேலும் வெளுப்பு மாறாவிட்டால் அந்தக் கையின் ஆரத்தமனியைத் தொட யோசிப்பார்கள்.

கைக்குப் போகும் தமனியின் இன்னொரு கிளை மார்பெலும்பின் ஓரமாக உட்புறத்தில் இறங்குகிறது. பைபாஸ் அறுவையில் எல்.ஏ.டி.யோடு இணைக்கப்படுவது பெரும்பாலும் இதுதான். பத்து ஆண்டு கழித்தும் பத்தில் ஒன்பது இணைப்புகள் திறந்தே இருக்கின்றன. காலிலிருந்து எடுத்து வைக்கும் சிரைகள் அவ்வளவு காலம் உழைப்பதில்லை.

வயிறும் இடுப்பும்

வயிற்றுக்குள் பெருந்தமனியின் முன்பக்கமிருந்து மூன்று ஒற்றைக் கிளைகள்: இரைப்பை, கல்லீரல், மண்ணீரலுக்கு ஒன்று, சிறுகுடலுக்கும் பெருங்குடலின் முதல் பாதிக்கும் ஒன்று, மீதிப் பெருங்குடலுக்கு ஒன்று. இவற்றுக்குள் இணைப்புகள் உண்டு என்பதால் ஒன்று மெல்ல அடைத்தால் மற்றவை சமாளிக்கும்.

கல்லீரல் தனி வகை. அதற்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து சிரை வழியாக வருகிறது, கால் பங்குதான் தமனி வழியாக. ஆனால் கல்லீரலில் தோன்றும் புற்றுக்கட்டிகள் பெரும்பாலும் தமனியை நம்பி வளர்பவை. அந்தத் தமனிக் கிளைக்குள் குழாய் செலுத்தி மருந்தைக் கொடுத்துப் பாதையையும் அடைத்துவிடும் சிகிச்சைக்கு இதுவே அடிப்படை. கட்டி பட்டினி கிடக்கும், கல்லீரல் பிழைத்துக்கொள்ளும்.

சிறுநீரகத் தமனி குறுகினால் நடப்பது வேறு மாதிரி. தனக்கு ரத்தம் குறைவாக வருவதை உடலெங்கும் அழுத்தம் குறைந்துவிட்டதாகவே சிறுநீரகம் எடுத்துக்கொண்டு, ரெனின் என்ற நொதியைச் சுரந்து அழுத்தத்தை ஏற்றுகிறது. இளம் வயதில் வரும், பல மருந்துக்கும் அடங்காத ரத்த அழுத்தத்துக்கு இது காரணமாக இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

தொப்புள் மட்டத்தில் பெருந்தமனி இரண்டாகப் பிரிந்து கால்களை நோக்கிப் போகிறது. இடுப்பு மூட்டில் நம் வீடுகளில் அடிக்கடி நேரும் ஒரு விஷயத்துக்கும் தமனிதான் காரணம். குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டிக்குத் தொடை எலும்பின் கழுத்து முறிந்தால், "ஒட்ட வைக்க முடியாதா, ஏன் பந்தையே மாற்ற வேண்டும்?" என்று குடும்பம் கேட்கும். எலும்பின் தலைக்கு ரத்தம் கொடுக்கும் தமனிகள் அந்தக் கழுத்தை ஒட்டித்தான் மேலே ஏறுகின்றன. முறிந்து விலகும்போது அவையும் அறுந்துவிடும். ரத்தம் இல்லாத தலையைத் திருகாணி போட்டு இணைத்தாலும் அது மெல்லச் செத்துப்போகக்கூடும். முறிவு சற்றுக் கீழே இருந்தால் தமனிகள் தப்பிவிடும், அங்கே ஒட்டவைப்பது வழக்கம்.

கால்: கடைசி எல்லை

தொடையில் ஒற்றையாக இறங்கும் தமனி முழங்காலுக்குக் கீழே மூன்றாகப் பிரிந்து பாதத்தை அடைகிறது. இதயக் குழாயில் கொழுப்பு படியக் காரணமான சர்க்கரை நோயும் புகையும் இங்கேயும் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஸ்டென்ட் சரிசெய்வது இதயக் குழாயில் ஓரிரு சென்டிமீட்டரை மட்டும். மற்ற தமனிகளில் நோய் அப்படியே இருக்கும். ஸ்டென்ட் வைத்தவருக்குக் கால் விரல் கறுப்பது இதனால்தான்.

கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் ஓரிரு நிமிடத்தில் விடுகிறதா? தொடைத் தமனியில் அடைப்பு இருக்கலாம். பிட்டத்திலும் தொடையிலும் வலித்தால் அடைப்பு இன்னும் மேலே. சோதிப்பது எளிது: கணுக்காலில் எடுத்த ரத்த அழுத்தத்தைக் கையில் எடுத்ததால் வகுப்பார்கள். 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு என்று கொள்வார்கள். நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுவதால் இந்த எண் பொய்யாக 1.4-க்கு மேல் போவதும் உண்டு. எண் நன்றாக இருக்கிறது என்று அவர்கள் ஏமாறக்கூடாது. கால் விரலில் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

எவ்வளவு நேரம் தாங்கும்?

1. மூளை: இதயமே நின்றுவிட்டால் நாலைந்து நிமிடத்தில் செல்கள் சாகத் தொடங்கும். ஒரு கிளை மட்டும் அடைத்த பக்கவாதத்தில், ஓரப் பகுதிகள் பக்கத்து ரத்தத்தால் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். உறைவைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம் என்ற கெடு இதனால்தான். பெரிய குழாய் அடைத்தவர்களில் சிலருக்கு, ஸ்கேனில் உயிருள்ள பகுதி மிச்சமிருந்தால், 24 மணி நேரம் வரைகூடக் குழாய் செலுத்தி உறைவை எடுக்கிறார்கள்.

2. இதயத் தசை: அரை மணி நேரத்துக்குள் சாகத் தொடங்கும், ஆறு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி போய்விடும்.

3. குடலும் காலும்: ஏறத்தாழ ஆறு மணி நேரம். கால் தமனி திடீரென்று அடைத்தால் கடும் வலி வரும், கால் வெளுக்கும், சில்லிடும், பாதத்தின் மேல் நாடி கிடைக்காது. மரத்துப்போய் விரலை அசைக்க முடியாமல் போனால் நரம்பும் தசையும் சாகத் தொடங்கிவிட்டன என்று பொருள். தைலம் தேய்த்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று காத்திருந்தால், காலையில் காலைக் காப்பாற்ற முடியாமல் போகலாம்.